அன்றைக்கு வேறு புக்கிங்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்க அக்கா. எனக்கு இந்தப் பெட்டியோடு இப்படி உட்கார்ந்தால்தான் வசதி. காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்குங்க. பயப்படாதீங்க, குண்டு இல்லை. ஆம்ப்ளிஃபையர். மைக் செட்டுக்கு உயிரே இதுதான். இதற்குப் போய் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார், பார்த்தீங்களா? மடியில்தான் வைத்துக்கொள்கிறேன் என்றாலும் விடவில்லை. அவருக்கு முழுப் பேச்சும் மூக்கு வழியாகத்தான் வருகிறது. ஃபூ. "ஏம்மா, மடியில வெச்சுக்கிட்டா கொழந்தைன்னு நெனச்சுக்குவனா? லக்கேஜ் எடு, லக்கேஜ் எடு."

பாருங்க, அவரே திரும்பிப் பார்க்கிறார். நீங்கள் சிரிக்காதீங்க, மாட்டிக்கொள்வோம்.

அந்த ஃபூவா? அது பழக்கம். எந்தக் குரல் எடுப்பதற்கு முன்னாலும் ஒரு தடவை ஊதிக்கொள்வேன். ஐந்து வயதிலிருந்து மைக் டெஸ்ட் பண்ணுகிறவள் இல்லையா, ஊதாமல் பேச்சு வராது. நெடுங்குளத்தில் தணிகை சவுண்ட் சர்வீஸ் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பா பெயர் தணிகாசலம். நான் சங்கவி. பிளஸ் டூ. என்னிடம் பன்னிரண்டு குரல் இருக்கிறது. எங்கள் ஹெச்.எம்., ரேஷன் கடைக்காரர், ஊசி போடும் நர்ஸம்மா, தேர்தலுக்கு வந்து போகிற ஆட்கள், எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. இப்போது கண்டக்டரைச் சேர்த்தால் பதின்மூன்று. முதன்முதலில் எடுத்தது அப்பா குரல். கடை போனை எடுத்து அப்பா மாதிரியே பேசுவேன். பத்து வயதில், அக்கா. எதிரே இருக்கிற ஆளுக்குச் சந்தேகமே வராது. "தணிகை சவுண்ட் சர்வீஸ். சொல்லுப்பா. எத்தன கொழா வேணும்?"

ரிப்பேரா? ரிப்பேர் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் பாடுகிறது. போன வாரம் ஒரு கல்யாணத்தில் ஒன்றரை நாள் பாடியது, ஒரு கரகர கிடையாது. இருந்தாலும் அப்பா, டவுனில் குடுத்து ஒரு தடவை பிரிச்சுத் துடைச்சு வாங்கிட்டு வா என்று சொல்லிவிட்டார். மாசித் திருவிழா வருகிறது. கோயிலுக்குப் போவதற்கு முன்னால் சுத்தமாக இருக்க வேண்டும் இல்லையா.

அந்தக் கல்யாணத்தைப் பற்றித்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். எங்கள் தெருவில் சொல்ல முடியாது. நீங்கள் வெளியூர். இறங்கிப் போய்விடுவீர்கள். முக்கால் மணி நேரம் இருக்கிறது டவுனுக்கு. கேளுங்க.

எங்கள் வகுப்பில் இந்துமதி என்று ஒருத்தி இருக்கிறாள். காலனிப் பிள்ளை. அவங்கப்பா ஏழுமலை, முந்திரி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். இந்துமதிக்குக் குரலே கிடையாது அக்கா. கொசு காதுக்குப் பக்கத்தில் வந்து போகுமே, அவ்வளவுதான். கடைசி பெஞ்சுக்கு எட்டாது. கையை ஆட்ட மாட்டாள், கண்ணை உருட்ட மாட்டாள், நின்ற இடத்தில் நின்று பேசுவாள். அவள் ஜெயித்தாள். நான் தோற்றேன்.

மனித நேய வார விழா என்று ஜனவரியில் வருமே, அதற்குப் பேச்சுப்போட்டி. 'எல்லோரும் சமம்' என்று தலைப்பு. நான் ஐந்து குரலில் பேசினேன். ரேஷன் கடைக்காரர் சமத்துவம் பற்றி என்ன சொல்வார், நர்ஸம்மா என்ன சொல்வார் என்று. ஹால் குலுங்கியது. வாட்ச்மேன்கூடத் தலையை உள்ளே நீட்டிச் சிரித்தார். எனக்கு இரண்டாம் பரிசு. புஷ்பராணி டீச்சர், எங்கள் தமிழம்மா, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நல்லா இருந்துச்சுடி சங்கவி. ஆனா அஞ்சு பேர் பேசினாங்க, நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியல." என்ன அர்த்தம் இதற்கு? ஐந்து பேர் பேசினார்கள் என்றால் ஐந்து மடங்கு மார்க் போட வேண்டாமா?

இரண்டாம் பரிசு ஒரு சோப்பு டப்பா. அதை விடுங்க. முதல் பரிசு என்ன தெரியுமா? விழா அன்றைக்கு எம்.எல்.ஏ. முன்னால் உறுதிமொழி வாசிக்க வேண்டும், அப்புறம் இரண்டு நிமிடம் பேச வேண்டும். எந்த மைக்கில்? எங்கள் மைக்கில். நான் பால்பல் விழுந்த நாளிலிருந்து ஊதிக்கொண்டிருக்கிற மைக்கில். நான் துடைத்து, வயர் செருகி, ஸ்டாண்டு உயரம் சரிபண்ணிக் கொடுக்க வேண்டும், அவள் வந்து பேச வேண்டும்.

அந்த ஒரு வாரமும் என்னால் தாங்க முடியவில்லை அக்கா. புஷ்பராணி டீச்சர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார். தன் டப்பாவில் இருந்த எலுமிச்சம் சாதத்தைப் பாதி அவளுக்கு வைக்கிறார். விழா அன்றைக்கு வைத்துக்கொள்ளக் கனகாம்பரம் கொண்டுவருகிறேன் என்கிறார். மூன்று வருடமாக ஆண்டு விழாவுக்கு ஓசியில் மைக் செட் போட்டுக் கொடுக்கிறோம், எனக்கு ஒரு பூ கொடுத்ததில்லை. எனக்கு எலுமிச்சம் சாதம் பிடிக்காது. அது வேறு விஷயம்.

எங்கள் எம்.எல்.ஏ. பூவராகனைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டாம், கேட்டால் போதும். ஈரச் சாக்கைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு குரல். மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை "நான் சொல்றது சரியா, தப்பா?" என்று கேட்பார். யாரும் பதில் சொல்வதற்குள் அவரே "சரி" என்று சொல்லிவிடுவார். கத்துவதற்கு முன்னால் குரலை அடியாழத்துக்கு இறக்குவார். ஆம்ப்ளிஃபையரில் நிற்கிறவனுக்குத் தெரியும், இறங்கினால் உடனே வால்யூமைக் குறைக்க வேண்டும், அடுத்தது இடி. அந்தக் குரல்தான் என் பன்னிரண்டில் ராஜா. எட்டு மாதம் உழைத்துப் பிடித்தது.

அந்தக் குரலில் இந்துமதிக்கு ஒரு போன் போட்டேன்.

கெட்ட எண்ணம் இல்லை. கொஞ்சம் இருந்தது. அப்பாவிடம் ஒரு பழைய பட்டன் போன் கிடக்கும், அந்த நம்பர் கடை போர்டில் இருக்காது. புதன்கிழமை சாயங்காலம், கடைக்குப் பின்னால் ஹார்ன் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு போட்டேன்.

"ஃபூ. இந்துமதியா? பாப்பா, நான் பூவராகன் பேசறேன். உங்க தொகுதி எம்.எல்.ஏ."

அந்தப் பக்கத்தில் இருந்து, "சொல்லுங்கய்யா."

"வெள்ளிக்கிழமை நீதான் பேசறியாமே. சட்டசபையில கேள்வி நேரம்னு ஒண்ணு உண்டு, தெரியுமா? அந்த மாதிரி வெச்சுக்குவோம். நீ கேளு, நான் பதில் சொல்றேன். ஒங்க தெருவுக்கு என்ன வேணுமோ மேடையிலயே கேளு. நான் போன்ல கேக்கச் சொன்னேன்னு சொல்லிட்டே கேளு. நான் சொல்றது சரியா, தப்பா? சரி."

"எது கேட்டாலும் செஞ்சு குடுப்பீங்களாய்யா?"

"செய்யாம? சேவை செய்யத்தான வந்திருக்கேன்."

"நீங்க கண்டிப்பா அங்க இருப்பீங்கல்ல?"

"நான் இல்லாம விழாவா பாப்பா?"

"அப்ப சரிங்கய்யா. கேக்கறேன்."

வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். என் கணக்கு என்ன? அவள் மேடையில் ஏறி, அய்யா போனில் சொன்னீர்களே என்று சைக்கிள் ஸ்டாண்டோ தண்ணீர்த் தொட்டியோ கேட்பாள். எம்.எல்.ஏ. முழிப்பார். "நான் எப்பம்மா போன் பண்ணேன்?" என்பார். ஹெச்.எம். முகம் வெளுக்கும். அவ்வளவுதான். அடுத்த வருடம் யாரைக் கூப்பிடுவார்கள்? என்னை. அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடத்திலேயே இருக்க மாட்டேன் என்பது அப்போது தோன்றவில்லை.

இதற்கு நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா காலனிக்கு மைக் செட் கொடுப்பதில்லை. அப்பா கெட்டவர் இல்லை அக்கா. யாரையும் வாயால் ஒரு சொல் சொல்லமாட்டார். ஊர்க் கட்டுப்பாடு. அங்கே போன மைக் செட்டை ஊர்க்கோயிலுக்கு எடுக்கமாட்டார்கள், அப்புறம் திருவிழா ஆர்டர் போய்விடும், பிழைப்பு நடக்காது. அதனால் அந்தப் பக்கத்தில் இருந்து யார் கேட்டாலும் அன்றைக்கு வேறு புக்கிங் இருக்கிறது என்று சொல்லிவிடுவது. இல்லை என்று சொல்வதில்லை பாருங்க. அதுவும் அப்பாவுக்குச் சொல்லக் கூச்சம். அந்தப் பக்கத்து நம்பர் வந்தாலே போனை என்னிடம் தள்ளிவிடுவார். நான் ஃபூ என்று ஊதிவிட்டு அப்பா குரலில் சொல்வேன், "அன்னிக்கு வேற புக்கிங் இருக்குதேப்பா." அந்த 'தேப்பா'வில் ஒரு வருத்தம் வரும், அதுதான் அதில் கஷ்டமான இடம். அப்பாவே பக்கத்தில் நின்று, "அப்பிடியே நான்தான்" என்று சிரிப்பார்.

நீங்கள் எந்த ஊர் அக்கா? ஓ. அங்கே எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாண்டு பக்கமா. சரி சரி. சும்மாதான் கேட்டேன்.

பெட்டியைக் கொடுக்கவா? கால் மரத்துப்போய்விட்டது, உண்மைதான். ஆனால் கனமாக இருக்கும். பரவாயில்லையா? சரி, பிடிங்க. மெதுவாக.

வெள்ளிக்கிழமை. பத்து மணி விழாவுக்கு எம்.எல்.ஏ. பன்னிரண்டரைக்கு வந்தார். அப்பா மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில். நான் வயரைப் பிடித்துக்கொண்டு படி ஓரத்தில். செல்போனை நீட்டிக்கொண்டு இரண்டு நிருபர்கள். இந்துமதி கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். நான்தான் ஸ்டாண்டை இறக்கிக் கொடுத்தேன். "தேங்க்ஸ் சங்கவி" என்றாள். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

உறுதிமொழி வாசித்தாள். எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னோம். அப்பாவும் ஒரு கையை வால்யூமில் வைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டிச் சொன்னார். அப்புறம் அவள் ஆரம்பித்தாள்.

"அய்யா, நீங்க புதன்கிழமை எனக்கு போன் பண்ணினீங்க. எங்க தெருவுக்கு என்ன வேணும்னு மேடையில கேக்கச் சொன்னீங்க."

எம்.எல்.ஏ. தலையைத் தூக்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பெருசா ஒண்ணும் வேணாம்யா. எங்கக்கா ரேவதிக்கு தை கடைசி முகூர்த்தத்துல கல்யாணம். அதுக்கு ஒரு மைக் செட் வேணும். எங்க ஊர்ல ஒரே மைக் செட்டுதான். நான் இப்ப பேசறது அதுலதான். எங்க தெருவுல பன்னெண்டு வருஷத்துல கல்யாணம், சடங்கு, சாவுன்னு நாப்பது தடவைக்கு மேல கேட்டிருக்கோம். எப்ப கேட்டாலும் அன்னிக்கு வேற புக்கிங் இருக்குன்றாங்க. ஒரே ஒரு நாளு புக்கிங் இல்லாம பண்ணிக் குடுங்கய்யா."

அவ்வளவுதான். கொசுக் குரல். ஆனால் எங்கள் மைக் நல்ல மைக், அக்கா. ஊசி விழுந்தாலும் எடுக்கும். மைதானத்துக் கடைசி வரைக்கும் கேட்டது. அப்பா கை வால்யூம் மேலேயே இருந்தது. குறைத்திருக்கலாம். ஏன் குறைக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

எம்.எல்.ஏ.வின் உதவியாளர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். எம்.எல்.ஏ. நிருபர்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எழுந்தார். இப்போது சொல்வார், நான் எப்பம்மா போன் பண்ணேன் என்று இப்போது சொல்வார் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஆமா. நான்தான் போன் பண்ணேன்" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதோடு விடவில்லை. குரலை இறக்கினார். அப்பா கை தானாக வால்யூமைக் குறைத்தது. அப்புறம் இடி. நான் அப்படியே சொல்கிறேன் கேளுங்க. ஃபூ. "இந்தப் பாப்பா என்ன கேட்டுச்சு? ரோடு கேட்டுச்சா, பாலம் கேட்டுச்சா? காசு குடுத்தா எல்லாருக்கும் கெடைக்கற ஒண்ண, எனக்கும் குடுன்னு கேட்டுச்சு. குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்து எழுவது வருஷம் ஆச்சு. கடையோ, சலூனோ, வாடகை சாமானோ, ஆளைப் பாத்து இல்லைன்னு சொன்னா அது குத்தம். உரிமைங்கறது நான் எடுத்துக் குடுக்கற பொருள் இல்ல. குடுக்க நான் யாரு, தடுக்க நீ யாரு? பொதுச்சேவைன்னா என்ன? பந்தி பரிமாறுறது. பரிமாறுறவன் எலையைப் பாக்கணும், எலைக்குப் பின்னால உக்காந்திருக்கற ஆளைப் பாக்கக் கூடாது. அதனாலதான் நான் போன் பண்ணேன். தொகுதியில எந்தத் தெருவுல எந்தப் புள்ள என்ன நெனைக்குதுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றது சரியா, தப்பா? சரி."

கைத்தட்டல் என்றால் அப்படி ஒரு கைத்தட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ புஷ்பராணி டீச்சரிடம், சங்கவிக்கு எவ்வளவு இரக்க மனசு பாருங்க என்று சொன்னார்களாம். இரக்கமா? அது என் போன், அக்கா. என் வாழ்நாளில் நான் எடுத்த குரல்களிலேயே சிறந்த குரல். அதற்கு அந்த மனுஷன் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போகிறார். பாதிக் கைத்தட்டலை அவள் வாங்கிக்கொண்டு போகிறாள். நான் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எழுந்து நான்தான் என்று சொல்லலாம் என்றால் சொல்லவும் முடியாது. டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் எம்.எல்.ஏ. தனக்குப் போட்ட பொன்னாடையைக் கழற்றி, "அந்த மைக் செட்டுக்காரரை மேல கூப்பிடுங்க" என்றார். அப்பா ஏறினார். பொன்னாடையை அப்பா தோளில் போட்டு, "முற்போக்குச் சிந்தனையாளர் தணிகாசலம் அவர்கள் அந்தக் கல்யாணத்துக்கு மைக் செட் போட்டுக் குடுப்பார்" என்று சொல்லிவிட்டு மைக்கை அப்பா வாய்க்கு நேராக நீட்டினார். நாற்பது வயதுக்கு மேல் அப்பாவுக்கு அப்போதுதான் முதல் தடவை மைக்கில் பேசுகிற வாய்ப்பு. எத்தனையோ ஆயிரம் பேருக்கு ஸ்டாண்டு சரிபண்ணியிருக்கிறார், பேசியதில்லை. "சரிங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அந்த வீடியோ எம்.எல்.ஏ.வின் ஃபேஸ்புக் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் வயரைப் பிடித்தபடி ஒரு கை தெரியும். அது என் கை.

ஊரில் பெரிசாகச் சண்டை ஒன்றும் வரவில்லை. கோயில் தர்மகர்த்தா வீட்டுக்கு வந்தார். "எம்.எல்.ஏ. சொல்லிட்டாரு, பேப்பர்லயும் வந்துடுச்சு. போட்டுட்டு வா தணிகாசலம். மாசிக்கு முன்னால டவுன்ல குடுத்துத் தொடச்சு வாங்கிடு. யாரும் கேக்க மாட்டாங்க." அப்படித்தான் தீர்ந்தது. எல்லாருக்கும் நல்லபடியாகத் தீர்ந்தது, எனக்குத் தவிர.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "நீ போய்க் கட்டிட்டு வா" என்றார். ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். பதினேழு வருடமாக அந்த ஊரில் இருக்கிறேன், அந்தத் தெருவுக்குள் போனது அன்றைக்குத்தான். எங்கள் வீட்டில் இருந்து நடந்தால் ஆறு நிமிடம். ஏழுமலையே முருங்கை மரத்தில் பாதி ஏறி குழாயைக் கட்டினார். ரேவதி அக்கா மஞ்சள் பூசின முகத்தோடு வந்து டீ கொடுத்தார். வயிறு சரியில்லை என்று சொன்னேன். நிஜமாகவே சரியில்லை அக்கா. கொஞ்சம். டம்ளரை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்.

மைக்கை எடுத்து ஃபூ என்று ஊதினேன். எங்கிருந்தோ வாண்டுகள் எல்லாம் ஓடிவந்து சுற்றி நின்றுகொண்டன.

"எம்.எல்.ஏ. அக்கா, எம்.எல்.ஏ. கொரல்ல பேசுங்க."

இந்துமதியைப் பார்த்தேன். வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"போன் எடுத்ததுமே தெரியும்."

"எப்பிடி? எங்க தப்புப் பண்ணேன்?"

"தப்பெல்லாம் இல்ல. நல்லாத்தான் பேசின. எம்.எல்.ஏ. எதுக்குடி போன்ல ஃபூன்னு ஊதப்போறாரு?"

"தெரிஞ்சுமா மேடையில அப்பிடிப் பேசின? அவரு இல்லைன்னு சொல்லியிருந்தா?"

"ரெண்டு போன் கேமரா இருந்துச்சே" என்றாள். மாவிலையில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "மைக் செட்டுக்காரர் பொண்ணே போன் பண்ணி என்ன வேணும்னு கேக்கறா. நான் வேற என்னத்தைக் கேப்பேன்?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏமாற்றினாள் என்று இல்லை. நான் எட்டு மாதம் பழகி எடுத்ததை, அவள் ஒரு பயிற்சியும் இல்லாமல், ஒன்றும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு, ஐந்நூறு பேர் முன்னால் நடித்துவிட்டுப் போயிருக்கிறாள். அதுதான்.

ஆனால் அந்தத் தெரு முழுக்கத் தெரியும் அக்கா, அது என் குரல் என்று. அந்த ஒரு தெருவுக்குத்தான் தெரியும். எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் எம்.எல்.ஏ.வை எடுத்தேன். சாக்கு, இடி, சரியா தப்பா, எல்லாம். கல்யாணப் பெண்ணுக்கு எம்.எல்.ஏ. வாழ்த்து, மாப்பிள்ளைக்கு எச்சரிக்கை, சாம்பாருக்கு நிதி ஒதுக்கீடு. ரேவதி அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து மஞ்சள் கலைந்துவிட்டது. அந்த மாதிரி ஒரு கைத்தட்டல் எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. தொண்டை வறண்டு, ஸ்பீக்கர் மேல் இருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டேன். ஆறிப்போயிருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யாரோ, "இந்து, நீ ஒண்ணு பண்ணு. அந்தப் பழசைப் பண்ணு" என்றார்கள். அவள் மாட்டேன் மாட்டேன் என்றாள். விடவில்லை. மைக்கை வாங்கினாள். வாங்கி, ஒரு தடவை ஊதினாள்.

"ஃபூ. தணிகை சவுண்ட் சர்வீஸ். சொல்லுப்பா. அடடா, அன்னிக்கு வேற புக்கிங் இருக்குதேப்பா."

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். கொசுக்குரல் மைக்கில் நன்றாகத்தான் எடுபட்டது. சரி, ஒரு நல்ல வார்த்தை சொல்வோம் என்று, "எங்கப்பாவை நல்லாத்தான் புடிச்சிருக்க. கொஞ்சம் மெல்லிசா இருக்கு. இன்னும் கட்டையா வரணும்" என்றேன்.

"இது ஒங்கப்பா இல்ல" என்றாள்.

"பின்ன?"

மரத்தில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த ஏழுமலைதான் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவரும் சிரித்திருந்தார். "பெரியவ சடங்குக்குக் கேட்டு போன் பண்ணேன் பாப்பா. ஏழு வருஷம் இருக்கும். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், இவளும் பக்கத்துல இருந்தா. ஒரு சின்னப் புள்ள பெரியாளாட்டம் 'புக்கிங் இருக்குதேப்பா'ன்னுது. என்னைப் போயி, அப்பாங்குது. வெச்சுட்டு நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அன்னையிலேர்ந்து வீட்ல இவ எது இல்லைன்னு சொல்றதுன்னாலும் இப்பிடித்தான் ஊதிட்டுச் சொல்லுவா. சோறு இல்லைன்னாலும் புக்கிங் இருக்குதேப்பாதான்."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நான் வால்யூமைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பன்னிரண்டு குரலும் கேட்ட மாத்திரத்தில் யாருடையது என்று சொல்வேன் அக்கா. பத்து வயதில் நான் பேசின அந்தக் குரலை மட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தத் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

நீங்களும் சிரிக்கிறீங்களே.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெட்டி ஒரு கரகர இல்லாமல் பாடியது. சொன்னேனே, ரிப்பேர் ஒன்றும் இல்லை. ஆனால் டவுன் கடைக்காரர் என்ன கம்ப்ளெயின்ட் என்று கேட்பார் இல்லையா, அதற்கு அப்பா சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார், ஹம்மிங் வருதுன்னு சொல்லு என்று. காலையில் இருந்து அப்பா குரலில் சொல்லிப் பார்க்கிறேன். ஃபூ. "ஹம்மிங் வருதேப்பா." கேட்டீங்களா? அப்பா மாதிரியா இருக்கிறது? இல்லை. அவள் பண்ணின மாதிரியே இருக்கிறது. எப்போது எடுத்தாலும் அப்படியேதான் வருகிறது. நான் முதன்முதலில் பிடித்த குரல் அக்கா அது. தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பெட்டியைக் கொடுங்க, டவுன் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டு வந்ததற்கு ரொம்ப தேங்க்ஸ். அங்கே போய்வந்த பெட்டி என்று நான் சொன்ன பிறகும் நீங்கள் இறக்கி வைக்கவில்லை. கவனித்தேன்.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். மாசித் திருவிழாவில் கோயில் மேடையில் எனக்கு அரைமணி நேரம் பலகுரல் நிகழ்ச்சி கொடுத்திருக்கிறார்கள். தனியாக, என் பெயர் போட்டு. நேற்று இந்துமதிக்குப் போன் பண்ணினேன். என் நம்பரில் இருந்தேதான். ஊதாமல்தான் பேசினேன். "நீ கண்டிப்பா வரணும், முன்னால வந்து உக்காரணும், பாத்துட்டு எப்பிடி இருக்குன்னு சொல்லணும்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் இருந்து ஃபூ என்று ஒரு சத்தம் கேட்டது.

"அன்னிக்கு வேற புக்கிங் இருக்குதேப்பா" என்றாள்.

அந்தக் கடைசி 'தேப்பா'வில் ஒரு வருத்தம் வரும் என்று சொன்னேன் இல்லையா, அது வந்தது. என்னைவிட நன்றாக வந்தது.